எண்ணிக்கை பெருகப் பெருக ஸ்போர்ட்ஸ் காரின் மயக்கம் குறைகிறதா?

பதிவு 1: நெடுஞ்சாலைவாசி

அனைவருக்கும் வணக்கம். நீண்ட நாளாக மனத்தில் கிடந்த ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

சென்ற மாதம் துபாயில் ஒரு ஹோட்டல் வாசலில் நண்பருக்காகக் காத்திருந்தேன். எதிரே லம்போர்கினியின் எஸ்யுவியான உருஸ் வண்டிகள் மூன்று அடுத்தடுத்து நின்றன. மூன்றும் ஒரே மஞ்சள். உரிமையாளர் ஒருவர் வெளியே வந்து சீட்டை நீட்டினார். வண்டியை எடுத்துவரும் பணியாளர் பெட்டியிலிருந்து சாவியை எடுத்து, கையை உயர்த்தி அழுத்தி, எந்த வண்டியின் விளக்கு சிமிட்டுகிறது என்று பார்த்த பிறகே அதை நோக்கி நடந்தார். லம்போர்கினி என்ற பெயர் தாங்கிய கார் ஒன்று தன் இனத்துக்கு நடுவே அடையாளம் தெரியாமல் நிற்கும் என்று என் சிறுவயதில் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுச் சுவரில், பழைய ஆங்கில இதழிலிருந்து வெட்டி, கஞ்சிப் பசை தடவி ஒட்டிய லம்போர்கினி கவுன்டாஷ் படம் பல ஆண்டுகள் இருந்தது. அந்தக் கார் 1974 முதல் 1990 வரை பதினாறு ஆண்டுகளில் சுமார் 2,000 மட்டுமே செய்யப்பட்டது. அதே நிறுவனம் 2023 என்ற ஒரே ஆண்டில் 10,112 கார்களை விற்றது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை உருஸ்.

ஃபெராரியின் கதையும் அதே திசையில்தான் போகிறது. லூக்கா டி மோன்டெசெமோலோ தலைவராக இருந்தபோது, 2012-இல் 7,318 ஆக இருந்த விற்பனையை வேண்டுமென்றே குறைக்கப்போவதாக அறிவித்து, 2013-இல் 6,922 கார்களோடு நிறுத்திக்கொண்டார். இலாபம் குறையவில்லை, கூடியது. அவர் 2014-இல் விலகினார். 2015-இல் பங்குகள் நியூயார்க் சந்தைக்கு வந்தன. 2019-இல் எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டியது; 2024-இல் 13,752 ஆயிற்று. பதினோரு ஆண்டுகளில் ஏறத்தாழ இரு மடங்கு.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். இந்த வண்டிகளின் மீது நமக்கிருந்த மயக்கத்தில் பெரும்பகுதி, அவற்றை வாழ்நாளில் ஒருமுறையாவது நேரில் பார்ப்போமா என்ற ஏக்கத்திலிருந்து வந்தது. அந்த ஏக்கத்தைத் தொழிற்சாலை தன் கையாலேயே தீர்த்து வைத்துவிட்டால் மிச்சம் இருப்பது விலை உயர்ந்த ஒரு போக்குவரத்துச் சாதனம் மட்டுமே. மாற்றுக் கருத்து உடையவர்கள் விளக்கமாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு 2: நெக்கார்கரையான்

நண்பருக்கு வணக்கம். நான் ஸ்டுட்கார்ட்டில் பதினான்கு ஆண்டுகளாக வசிப்பவன். நான் தினமும் ரயிலில் கடக்கும் சுஃபென்ஹவுசனில்தான் போர்ஷே 911 செய்யப்படுகிறது. ஆகவே என் பதில் அந்த ஒரு காரைச் சுற்றியே இருக்கும், பொறுத்தருள்க.

911 முதன்முதலில் 1963-இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டது. 2017 மே மாதம் பத்து லட்சமாவது 911, ஐரிஷ் பச்சை நிறத்தில், அதே சுஃபென்ஹவுசனிலிருந்து வெளியே வந்தது. பத்து லட்சம் என்பது எந்த அளவுகோலிலும் அரிதான எண்ணிக்கை ஆகாது. ஆனாலும் இங்கே ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழைய 911 ஒன்று எங்கள் தெருவில் திரும்பும்போது, அந்த நிறுவனத்திலேயே வேலை பார்க்கும் என் பக்கத்து வீட்டுக்காரர் கையில் இருக்கும் காப்பிக் கோப்பையோடு சன்னலுக்கு வந்துவிடுகிறார். நாள் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கே அந்த ஈர்ப்பு தீரவில்லை என்றால், எண்ணிக்கைதான் ஈர்ப்பைக் கொல்கிறது என்ற உங்கள் முடிவு எங்கோ தடுக்குகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேரளவு உற்பத்தியின் முறைகள் இல்லாவிட்டால் இன்று 911 இருந்திருக்காது. 1986-இல் ஆண்டுக்கு 50,000-க்கும் மேல் விற்ற நிறுவனம், 1993 வாக்கில் 15,000-க்கும் கீழே இறங்கி, யாராவது வாங்கிக்கொள்வார்களா என்று பார்க்கும் நிலையில் இருந்தது. தொழிற்சாலையில் கார்களைக் கைத்திறன் மிக்கவர்கள்தாம் செய்தார்கள். ஆனால் அந்தக் கைத்திறனில் பெரும்பங்கு, பொருந்தாமல் வந்த பாகங்களை அராவியும் தட்டியும் பொருத்துவதிலேயே செலவாயிற்று. அப்போது பொறுப்பேற்ற வெண்டலின் வீடெகிங், டொயோட்டாவின் முறையில் பயின்ற ஜப்பானிய ஆலோசகர்களை அழைத்தார். பாகங்கள் குவிந்து கிடந்த உயரமான அலமாரிகளைப் பார்த்த அவர்கள், ஒரு வட்ட ரம்பத்தை அவர் கையிலேயே கொடுத்து, மார்பளவு உயரத்துக்கு மேல் இருப்பதை அறுக்கச் சொன்னார்கள். தொழிலாளர்கள் எல்லோரும் பார்த்திருக்க, தலைவரே அலமாரிகளை அறுத்தார். அந்தக் காட்சியிலிருந்துதான் இன்றைய போர்ஷே தொடங்குகிறது என்று இங்கே பழைய ஆட்கள் சொல்வார்கள்.

2023-இல் அந்த நிறுவனம் 3,20,221 கார்களை விற்றது. அவற்றில் 911 வெறும் 50,146. ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. கயென், மக்கான் போன்ற குடும்ப வண்டிகள் ஈட்டும் பணம்தான் பின்னால் எஞ்சின் வைத்த அந்த ஒற்றைப் பிடிவாதத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

பதிவு 3: ஒரகடம் ஃபிட்டர்

நெக்கார்கரை அண்ணன் சொன்ன அராவுதல், தட்டுதல் பற்றி ஒரு சொல் சேர்க்கிறேன்; நான் அசெம்பிளி லைனில் ஒன்பது ஆண்டுகளாக நிற்பவன்.

எங்கள் லைனில் ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் ஒரு வண்டி என்னைக் கடந்து போகிறது. அதற்குள் முன் சஸ்பென்ஷனின் நான்கு போல்ட்டுகளை நான் இறுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் சரியான அளவில் கிளிக் என்றதும் தலைக்கு மேல் பச்சை விளக்கு எரியும். எரியாவிட்டால் லைன் அடுத்த இடத்துக்கு நகராது. முதல் வண்டிக்கும் ஷிப்டின் கடைசி வண்டிக்கும் என் கை களைப்பில் வேறுபாடு உண்டு. போல்ட்டின் இறுக்கத்தில் வேறுபாடு இல்லை. கையால் செய்தது என்று சொல்லும்போது எல்லோரும் தலை வணங்குகிறார்கள். அந்தக் கை மாலை ஐந்து மணிக்கு எப்படி இருக்கும் என்று வேலை செய்தவனுக்குத்தான் தெரியும்.

அதே நேரத்தில், மெர்சிடிஸின் அதிவேகக் கார் பிரிவான ஏஎம்ஜியின் அஃபால்டர்பாக் ஆலையில் ஒரே ஆள் ஒரு எஞ்சினை முதலிலிருந்து கடைசி வரை கோத்து, தன் கையெழுத்துப் பொறித்த தகட்டை அதன் மேல் பதிக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பொறாமை வருகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் விற்ற நிறுவனம் அது. எல்லா மாடல்களுக்கும் அந்தத் தகடு கிடைப்பதில்லை. கிடைக்கும் கார்களில், வாங்கியவர்கள் நண்பர்களுக்கு முதலில் பானட்டைத் திறந்துதான் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் இறுக்கிய போல்ட்டின் மேல் என் பெயர் இருந்தால் அந்த வண்டியை நானும் வேறு கண்ணோடு பார்த்திருப்பேன்.

பதிவு 4: பழையவண்டி மீனாட்சி

இழை நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. நெடுஞ்சாலைவாசி ஐயா எண்ணிக்கையைக் குற்றம் சொல்கிறார். நெக்கார்கரையான் அதை விடுவிக்கிறார். குற்றம் நடந்தது உண்மை, ஆனால் வேறு இடத்தில் நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

நெக்கார்கரையான் சொன்ன அதே மீட்சியின் காலத்தில் வந்த இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம்: 1996-இல் விற்பனைக்கு வந்த பாக்ஸ்டர், அடுத்த ஆண்டு வந்த 996 தலைமுறை 911. செலவைக் குறைக்க இரண்டையும் ஒன்றாக வடிவமைத்தார்கள். பானட், முன் மட்கார்டு, கதவுகள், முன்விளக்கு எல்லாம் பொது. ஓட்டுநரின் முதுகு வரை இரண்டும் ஒரே கார் என்று சொன்னால் மிகையில்லை. அந்த முன்விளக்கை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெரிய விளக்கு, சிறிய விளக்கு, ஆரஞ்சு நிற இண்டிகேட்டர் அனைத்தும் ஒரே கண்ணாடிக்குள், கீழ்ப்பக்கம் வழிந்தாற்போல் இருக்கும். பொரித்த முட்டை என்று உலகம் முழுவதும் பெயர் வாங்கியது. தொழிற்சாலையின் கண்ணுக்கு அது அருமையான வடிவம்; நான்கு தனிப் பாகங்களுக்குப் பதில் ஒரே பெட்டி, ஒரே தள்ளலில் உட்கார்ந்துவிடும். 911 வாங்கியவரின் கண்ணுக்கோ, கண்ணாடியில் பின்னால் வரும் பாக்ஸ்டரும் தன் காரும் ஒன்றாகத் தெரிந்தன. 1963 முதல் வட்ட விளக்கோடு இருந்த முகம் அது. 2004-இல் 997 வந்தபோது வட்ட விளக்கு திரும்பிவிட்டது. அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருந்ததே போதுமான சான்று.

996 சுமார் 1,75,000 செய்யப்பட்டது. அதற்கு முந்தைய 993 அதைவிட மிகக் குறைவு. ஆகவே 993-இன் மீதுள்ள மோகத்துக்கு எண்ணிக்கையும், அதுவே எஞ்சினைக் காற்றால் குளிர்விக்கும் கடைசி 911 என்பதும் காரணம் என்று சொல்லலாம். ஆனால் 996-க்கு உள்ளேயே பாருங்கள். அதே உடல்தான், டர்போ, ஜிடி3 என்ற உயர்ரக வகைகளில் மட்டும் எஞ்சின் வேறு. ஹான்ஸ் மெட்ஸ்கர் என்ற பொறியாளரின் வழியில் வந்த அந்த எஞ்சின், 1998-இல் லே மான் பந்தயத்தை வென்ற போர்ஷேயின் ஜிடி1 பந்தயக் காருடைய எஞ்சினின் உறவு. பல ஆண்டுகள் சாதாரண 996 மலிவாகக் கிடைத்த காலத்திலும் அந்த இரண்டையும் மெட்ஸ்கர் என்ற பெயரைச் சொல்லித் தேடி வாங்கினார்கள். இந்தக் காருக்காக யாரோ ஒருவர் தனியாக உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்று தெரிகிற இடத்தில் ஈர்ப்பு நிற்கிறது. கணக்கர் யோசித்தது வெளியே தெரிகிற இடத்தில் கரைந்துவிடுகிறது.

ஃபெராரி எஃப்40-ஐயும் சொல்லாமல் விட முடியவில்லை. நிறுவனர் என்ஸோ ஃபெராரி 1987 ஜூலையில் தானே மேடையில் இருந்து அறிமுகப்படுத்திய கடைசி கார் அது; அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மறைந்தார். முதலில் 400 என்றுதான் திட்டம். கேட்டவர்கள் கூடக் கூட, 1,300-க்கும் மேல் செய்தார்கள், மும்மடங்கைத் தாண்டிவிட்டது. அதனால் அதன் பெயர் கெட்டதா? உள்ளே தரைவிரிப்பு இல்லை. கதவைத் திறக்கக் கைப்பிடிக்குப் பதில் ஒரு கம்பி. எடையைக் குறைக்க பெயின்டை அவ்வளவு மெல்லியதாக அடித்திருக்கிறார்கள். வெயிலில் சாய்ந்து பார்த்தால் சிவப்புக்கு அடியில் கார்பன் நாரின் நெசவு தெரியும். பலகைகள் சேரும் இடத்தில் பச்சை கலந்த பசை பிதுங்கி நிற்கும். எதையும் மறைக்காத வண்டி அது. நூறு செய்திருந்தாலும் ஆயிரம் செய்திருந்தாலும் அதன் முன் நான் நின்றிருக்கும் நேரம் குறைந்திருக்காது.

பதிவு 5: நெடுஞ்சாலைவாசி

மீனாட்சி அம்மாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். முன்விளக்கு விஷயத்தில் என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் எஃப்40 எடுத்துக்காட்டை நான் வேறு விதமாகப் படிக்கிறேன்.

எஃப்40-க்கு அடுத்து வந்தது எஃப்50. சந்தை கேட்பதைவிட ஒன்று குறைவாகச் செய்ய வேண்டும் என்ற பழைய கொள்கைப்படி, 350 அல்லாமல் 349 என்று நிறுத்தினார்கள். வெளிவந்த காலத்தில் எஃப்50-இன் அழகைப் பலர் ஏற்கவில்லை; எஃப்40-இன் நிழலிலேயே நீண்ட காலம் இருந்தது. இன்று ஏலங்களில் எஃப்50 எஃப்40-ஐத் தெளிவாக முந்திப் போகிறது. இடையில் காரில் எதுவும் மாறவில்லை. 349 என்ற எண் மட்டும் மாறாமல் இருந்தது. ஃபெராரியின் 250 ஜிடிஓ 1962-க்கும் 1964-க்கும் இடையே செய்யப்பட்டது 36 மட்டும். 2018-இல் மான்டரேயில் ஒன்று 4.84 கோடி டாலருக்கும், 2023-இல் நியூயார்க்கில் இன்னொன்று 5.17 கோடி டாலருக்கும் ஏலம் போயின. அதே காலத்து, அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த மற்ற 250 வரிசைக் கார்களில் பெரும்பாலானவை அந்த உயரத்துக்கு அருகில்கூட வருவதில்லை. பந்தய வரலாறு ஒரு காரணம் என்பதை ஏற்கிறேன். 36 என்பதும் காரணம்தானே?

பதிவு 6: கோவைக்கிழார்

தம்பி நெடுஞ்சாலைவாசிக்கு அன்புடன். ஏலத்தில் கை உயர்த்துபவரின் மனத்தை வைத்து எல்லோருடைய மனத்தையும் அளக்கிறீர்கள். விலை என்பது இரண்டு பேர் ஒரே பொருளுக்குப் போட்டி போடும்போது நிற்கும் இடம். மயக்கம் என்பது வாங்கவே முடியாத ஆயிரம் பேரின் நெஞ்சில் இருப்பது. உங்கள் வீட்டுச் சுவரில் கவுன்டாஷ் படத்தை ஒட்டியபோது, அது எத்தனை செய்யப்பட்டது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். அந்த மூக்கும், மேல்நோக்கித் திறக்கும் கதவும்தான் உங்களைப் பிடித்தன.

எண்ணிக்கை ஈர்ப்பைக் கெடுக்காததற்கு 911-ஐவிடத் தெளிவான சான்று ஜாகுவார் இ-டைப். 1961 மார்ச்சில் ஜெனீவாவில் காட்டினார்கள். பார்க்க வந்த கூட்டத்துக்கு ஒரு கார் போதவில்லை. இரண்டாவது காரைக் கொண்டுவரச் சொல்லி ஆலை இருந்த கவன்ட்ரிக்குச் செய்தி போயிற்று. சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் இரவு முழுவதும் ஓட்டி, காலையில் ஜெனீவா சேர்ந்தார். அதற்கு இணையான வேகம் உள்ள கார்களின் விலையில் ஏறத்தாழ பாதிக்குக் கிடைத்தது அது. பதினான்கு ஆண்டுகளுக்குள் 72,000-க்கும் மேல் செய்தார்கள். வழக்கறிஞரும் மருத்துவரும் வாங்கி, மழையில் நிறுத்தி, துருப்பிடிக்க விட்ட கார். 1996-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ஒரு நீல நிற இ-டைப்பைத் தன் நிலையான தொகுப்பில் சேர்த்துக்கொண்டது.

மறுபக்கம், எண்ணிக்கையை வைத்தே மயக்கத்தைச் செய்ய முயன்றதற்கும் ஒரு சான்று உண்டு. 2016-இல் போர்ஷே 911 ஆர் என்ற காரை மொத்தம் 991 மட்டுமே செய்வோம் என்று அறிவித்தது. கையால் மாற்றும் ஆறு கியர், நான்கு லிட்டர் எஞ்சின், பின்புறம் பெரிய இறக்கை இல்லாத எளிய உடல். சில மாதங்களில் அறிவித்த விலையைப் போலப் பல மடங்குக்குக் கைமாறியது. அடுத்த ஆண்டு 911 ஜிடி3 டூரிங் வந்தது. அதே மனநிலை, அதே கையால் மாற்றும் கியர், எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. ஆர் வண்டியின் விலை சட்டென்று கீழே வந்தது. ஓட்டுவதற்காக வாங்கியவருக்கு அதில் எந்த நட்டமும் இல்லை. முதல் நாள் கொடுத்த இன்பத்தைத்தான் அந்தக் கார் மறுநாளும் கொடுத்தது. பூட்டி வைத்து விற்கலாம் என்று வாங்கியவருக்குத்தான் நட்டம்.

மீனாட்சி அம்மையாரிடம் ஒரு கேள்வியும் இருக்கிறது. பாகங்களைப் பகிர்ந்துகொள்வது ஈர்ப்பைக் கெடுக்கும் என்கிறீர்கள். எங்கள் ஊர்க்காரர் எஸ். கரிவரதன், ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை மாருதி 800-இன் எஞ்சினைக் கொண்டே செய்தார். அந்த நாட்களில் நாட்டிலேயே மிகவும் பெருவாரியாகச் செய்யப்பட்ட எஞ்சின் அது. எங்கள் தெருவில் பால் வாங்கப் போகும் காரிலும் அதுவே இருந்தது. ஆனால் திறந்த சக்கரங்களோடு தரையை ஒட்டி அந்த வண்டிகள் ஓடுகளத்தில் பாய்ந்தபோது, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற எங்களில் ஒருவருக்கும் அது பால் வாங்கப் போகும் எஞ்சின் என்ற நினைப்பு வரவில்லை. பின்னாளில் ஃபார்முலா 1-க்குப் போன நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியதும் அந்த வகை வண்டியைத்தான். ஆகவே பகிர்தல் என்பது மட்டுமே குற்றமாக இருக்க முடியாது.

பதிவு 7: பழையவண்டி மீனாட்சி

கோவைக்கிழார் ஐயா என் வாதத்தின் ஓட்டையைச் சரியாகப் பிடித்துவிட்டார். இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

பகிர்ந்த பாகங்களின் பட்டியலை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். லம்போர்கினி டியாப்லோவின் பிற்காலக் கார்களில் இருந்த முன்விளக்கு நிஸ்ஸான் 300இசட்எக்ஸ்-இன் விளக்கு. ஆஸ்டன் மார்ட்டின் டிபி7-இன் பின்விளக்கு மஸ்டா 323-இலிருந்து வந்தது. மணிக்கு 340 கிலோமீட்டரைத் தாண்டிய ஜாகுவார் எக்ஸ்ஜே220-இன் பின்விளக்கு, ரோவர் 200 என்ற சாதாரணக் குடும்பக் காருடையது. இவை அனைத்தும் தெரிந்த பிறகும் யாரும் இந்தக் கார்களை வெறுக்கவில்லை. ஆர்வலர்கள் இதை ஒருவருக்கொருவர் அன்போடு சொல்லிக்கொள்கிறார்கள். வறுமையில் இருந்த வீட்டில் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன கதையைச் சொல்வதைப்போல.

996 ஏன் மன்னிக்கப்படவில்லை? சிறிய பட்டறை ஒன்று, தன்னால் செய்ய முடியாத ஒரு விளக்குக்காகப் பெரிய நிறுவனத்தின் அலமாரியிலிருந்து கடன் வாங்கும்போது, மிச்சமான பணமும் உழைப்பும் எஞ்சினுக்கோ உடலுக்கோ போகின்றன. டியாப்லோவின் விளக்கு இரவல். பின்னால் இருக்கும் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் இரவல் இல்லை. கரிவரதனின் வண்டியும் அப்படித்தான்: எஞ்சின் மாருதியுடையது, சட்டமும் சஸ்பென்ஷனும் அவருடைய உழைப்பு, குறைந்த செலவில் இளைஞர்கள் பந்தயம் பழக வேண்டும் என்பதே நோக்கம். 996-இலோ, அதைவிட மலிவான தங்கையின் முகத்தைக் கொடுத்துவிட்டு, மிச்சப்பட்டதை நிறுவனம் எடுத்துக்கொண்டது என்ற எண்ணம் வாங்கியவருக்கு ஏற்பட்டது. அந்தப் பணத்தில் நிறுவனம் பிழைத்தது என்பது நெக்கார்கரையானின் நியாயம், அதையும் ஏற்கிறேன். ஆனால் காசு கொடுத்தவர் தன் காரின் முகத்தில் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

ஆகவே நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். பகிர்ந்ததால் மிச்சமானது காருக்கே திரும்பி வந்ததா, வெளியே போய்விட்டதா என்பதைப் பார்த்துத்தான் மனம் மன்னிக்கிறது.

பதிவு 8: நெக்கார்கரையான்

அந்தத் திருத்தத்தோடு நான் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஒரு சிறு சேர்க்கை: பேரளவு உற்பத்தி என்றால் ஒரே மாதிரி கார்கள் வரிசையாக வரும் என்ற எண்ணம் சுஃபென்ஹவுசனில் பொருந்தாது. லைனில் வெள்ளை காரேரா ஒன்றுக்குப் பின்னால் பச்சை ஜிடி3, அதற்குப் பின்னால் கூரை திறக்கும் வண்டி என்று கலந்துதான் வருகின்றன. தையல் நூலின் நிறம் வரை வாங்குபவர் சொன்னபடி செய்கிறார்கள். நெடுஞ்சாலைவாசி துபாயில் கண்ட மூன்று மஞ்சள் வண்டிகளும் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவையாகத்தான் இருக்கும். தொழிற்சாலை தேர்வுகளைத் திறந்து வைத்தாலும், மூவர் ஒரே மஞ்சளைத் தேர்ந்தால் யாரை நோவது?

பதிவு 9: ஒரகடம் ஃபிட்டர்

எல்லோரும் கார்களின் எண்ணிக்கையைப் பற்றியே பேசுகிறீர்கள். வேகமே பெருவாரியாகச் செய்யப்படும் பொருளாகிவிட்டதை யாரும் சொல்லவில்லை.

எஃப்40-இன் சக்தி 478 குதிரைத்திறன். 1987-இல் அது உலகத்தின் உச்சி. இன்று செல்பேசி செய்யும் ஷியோமி நிறுவனம் விற்கும் நான்கு கதவு மின்சார காரான எஸ்யு7 அல்ட்ராவில் 1,500-க்கும் மேல். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு இரண்டு விநாடி அளவில் போய்விடுகிறது. மின் மோட்டாரில் சுழலும் பாகங்கள் மிகக் குறைவு. ஒரே மோட்டாரை லட்சக்கணக்கில் அடித்து, இரண்டாகவோ மூன்றாகவோ பொருத்தினால் சக்தி கூடிவிடும். எஞ்சினில் குதிரைத்திறனைக் கூட்ட மெட்ஸ்கர் போன்ற ஒருவர் பல ஆண்டுகள் உட்கார வேண்டியிருந்தது. லைனில் நிற்பவனாகச் சொல்கிறேன்: எதை எளிதாகத் திரும்பத் திரும்பச் செய்ய முடிகிறதோ, அது சில ஆண்டுகளில் எல்லாக் கார்களுக்கும் வந்துவிடும். ஏர்பேக், ஏபிஎஸ், டர்போ என்று எல்லாம் அப்படித்தான் வந்தன.

ஆகவே ஸ்போர்ட்ஸ் கார் செய்பவர்களிடம் இனி மிஞ்சுவது வேகம் இல்லை. மெக்லாரன் எஃப்1-ஐ வடிவமைத்த கார்டன் மர்ரி இப்போது செய்திருக்கும் டி.50-ஐப் பாருங்கள். நூறு கார்கள் மட்டும். நிமிடத்துக்கு 12,100 சுற்று வரை போகும் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின், நடுவில் ஓட்டுநர் இருக்கை, கையால் மாற்றும் கியர், ஒரு டன்னை ஒட்டிய எடை. பந்தயத்தின் நேரக்கணக்கை ஒரு மின்சார காரிடம் அது இழக்கலாம். அதை வாங்கியவர் யாரும் அதற்காக வருந்தப்போவதில்லை.

பதிவு 10: கோவைக்கிழார்

ஃபிட்டர் தம்பி சொல்வதில் எனக்கு ஒரு கவலை உண்டு. கையால் மாற்றும் கியரும், உயரச் சுழலும் எஞ்சினும் நூறு பேருக்கு மட்டும் என்று ஆகிவிட்டால், நாளைய பிள்ளைகள் எதைக் கேட்டு மயங்குவார்கள்? இ-டைப் 72,000 இருந்ததால்தான் இங்கிலாந்தில் ஒவ்வொரு ஊரிலும் அதை யாரோ ஒரு சிறுவன் பார்த்தான். மஸ்டா எம்எக்ஸ்-5 பத்து லட்சத்தை 2016-இல் தாண்டியது; இன்றும் இரண்டு இருக்கை, கையால் மாற்றும் கியர், எடை குறைவு. பேரளவு உற்பத்திக்கு நான் நன்றி சொல்லும் கார் அது. நூறு பேர் வைத்திருக்கும் பொருள், அவர்களுடைய கிடங்குகளுக்குள் போய்விட்டால், மயக்கம் வளர்வதற்குத் தெருவே இருக்காது.

பதிவு 11: நெடுஞ்சாலைவாசி

ஐயா கேட்ட கேள்விக்குப் பதில்: இல்லை, கவுன்டாஷ் எத்தனை செய்யப்பட்டது என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது. அந்த எண்ணைத் தெரிந்துகொண்டபோது எனக்கு முப்பது வயதுக்கு மேல். சுவரில் இருந்த படம் அதற்கு வெகு காலம் முன்பே மழை ஈரத்தில் உரிந்து போய்விட்டது. ஆகவே அரிதாக இருந்ததால்தான் மயங்கினேன் என்று முதல் பதிவில் எழுதியதை என்னால் இப்போது அப்படியே நிறுத்த முடியவில்லை. ஆனால் ஃபெராரி ஆண்டுகள் போகப் போக எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டு வந்ததைப் பார்க்கும்போது வரும் சங்கடம் போகவில்லை. அதே நிறுவனம்தான் புரோசாங்குவே என்ற நான்கு கதவு வண்டி மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது என்று தனக்குத்தானே எல்லை வகுத்துக்கொண்டது. அந்த எல்லை எத்தனை ஆண்டுகள் நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த இழையைப் படித்த பிறகு, போன வாரம் அதே ஹோட்டலுக்கு ஒரு வேலையாகப் போனபோது அந்தப் பணியாளரைத் தேடிப் பேசினேன். நேபாளத்தைச் சேர்ந்தவர், ஆறு ஆண்டுகளாக அந்த வாசலில் நிற்கிறார். எத்தனையோ வண்டிகளை ஓட்டியிருக்கிறீர்களே, எது நினைவில் இருக்கிறது என்று கேட்டேன். உருஸ்களையோ ஃபெராரிகளையோ அவர் சொல்லவில்லை. எண்பதுகளின் பழைய 911 ஒன்று ஒரே ஒருமுறை வந்ததாம். உள்ளே உட்கார்ந்ததும் சாவித் துவாரம் எங்கே என்று தெரியாமல் ஸ்டியரிங்கின் வலப்பக்கம் தேடியிருக்கிறார். பிறகு இடப்பக்கத்தில் கண்டுபிடித்தாராம். கதவைச் சாத்தியபோது கேட்ட சத்தத்தைச் சொல்ல அவருக்குச் சொல் கிடைக்கவில்லை. இரும்புப் பெட்டியின் தாழ்ப்பாளை மூடுவதைப்போல இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டினார். நூறு மீட்டர் தூரம்தான் ஓட்டிய அந்த வண்டியின் நிறம் வெளிர் நீலம் என்று நான் கேட்காமலே சொன்னார்.